கேமராவுக்குக் கீழே பதினேழு நாள்

என் தங்கத்துக்கு, வாண்டுவை அந்த ஐந்து ஸ்டார் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன், பதறாதே, காய்ச்சல் இல்லை, அடி இல்லை, உடம்புக்கு ஒன்றுமே இல்லை, முதலில் அதைச் சொல்லிவிட்டேன்! இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எதற்கெடுத்தாலும் வாய்ஸ் மெசேஜ் போட்டு உயிரை வாங்குகிற அப்பா இன்று ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று பார்க்கிறாயா, போன் போட்டால் உன் மகள் ஓடி வந்து மடியில் ஏறிவிடுவாள், இது அவள் காதில் விழக் கூடாது, அதோடு நான் பாதியிலேயே அழுதுவிடுவேன். இரண்டு நாளாக அவளைப் பள்ளிக் கேமராவில் காணோமே என்று கேட்டாய், சளி என்றேன், அது பொய்.

பள்ளி தேடின நாட்களில் நான் ஆடின ஆட்டம் உனக்கே தெரியும். ரிப்பேர் மேசையில் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் ரிவ்யூ. ஒன்பது இடம், எத்தனை ஸ்டார், ஏசி உண்டா, சறுக்குமரம் உண்டா என்று கலர் கலராக அட்டவணை போட்டு, குடும்பக் குரூப்பில் ஓட்டெடுப்பே நடத்தினேன். அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், 'நீங்க என்ன புது போனா வாங்குறீங்க? புள்ள அழுதா யாரு தூக்குவாங்கன்னு ஒரு எடத்துலயாச்சும் கேட்டீங்களா?' என்றாள். கேட்கவில்லை. வகுப்பறையில் கேமரா இருக்கிறது, ஆப்பில் நேரலையாகப் பார்க்கலாம், வெளிநாட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதுமே எனக்கு மற்ற எட்டும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. நீயும் 'அப்பா, நீங்க வேற லெவல்ப்பா' என்றாய், அன்று எனக்குக் கால் தரையில் இல்லை.

முதல் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல், சுவரில் உயரத்தில் இருந்த கேமராவைக் காட்டி, 'அழக் கூடாது செல்லம், அதோ பாரு, அம்மா அதுலேருந்து உன்னையேதான் பாத்துட்டு இருக்கா' என்று சொன்னேன். சட்டென்று அழுகை நின்றது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, எந்த வீடியோவிலும் சொல்லாத ஐடியா என்று! அதற்குப் பிறகு ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் திரையில், நம்மையே பார்த்துக்கொண்டு வாயசைத்துக்கொண்டு. நீ டூட்டி இடைவேளையில் 'என் செல்லம் என்னையே பாக்குது' என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாய், நான் அதை ஸ்டேட்டஸில் போடுவேன், சித்தி, பெரியப்பா எல்லாரும் ஹார்ட் போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எங்கே என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை படம் மங்கலாகத் தெரிந்தது. நமக்குத் தெரிந்த வேலைதானே, ஒரு துணியை எடுத்துக்கொண்டு நானே போனேன், ஸ்டூல் மேல் ஏறி லென்ஸைத் துணியால் மூடித் துடைத்தேன். கீழேயிருந்து ஒரு அலறல், 'தாத்தா, அம்மாவ மூடாத!' என்று. என் காலைப் பிடித்து இழுக்கிறாள், நான் ஸ்டூலோடு விழப் பார்த்தேன். இறங்கிப் பார்த்தால் கேமராவுக்கு நேர் கீழே தரையில் அவள் பை, ஒரு செருப்பு, பாதி கடித்த நாலு பிஸ்கட் வரிசையாக. ஆயாம்மா என்னை ஓரமாக அழைத்துப்போய், 'சார், தப்பா நெனைக்காதீங்க, வந்த நாள்லேருந்து பாப்பா அங்கதான் நிக்குது. வெளையாடக் கூப்பிட்டா, அம்மாட்ட பேசிட்டிருக்கேன்னுது. அம்மா சாப்ட்டியான்னு கேக்கும், கொஞ்ச நேரம் அண்ணாந்து பாக்கும், மறுபடி கேக்கும். அந்த பிஸ்கட்டெல்லாம் உங்க பொண்ணுக்குத்தான் சார்' என்றார். பதினேழு நாள் தங்கம். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை என்பதால் 'நன்றாகப் பழகிவிட்டாள்' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்களாம். கேமராவில் சத்தம் வராது. நாமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். வரும் வழியில் வண்டியில், 'அம்மாக்கு எம்மேல கோவமா தாத்தா?' என்று கேட்டாள். வண்டியை ஓரம் கட்டிக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் மேலே ஓட்ட முடிந்தது.

தப்பு முழுக்க என்னுடையது, நீ உன்மேல் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. நேற்று அம்மாவும் நானும் அட்டவணையில் ஒன்பதாவதாக இருந்த இடத்துக்குப் போனோம். இரண்டே அறை, ஆப் கிடையாது, இணையத்தில் ஒரு போட்டோகூடக் கிடையாது. டீச்சர் எங்களைப் பேசவே விடவில்லை, 'தூங்குறப்ப எதப் புடிச்சுக்குவா, ஒண்ணுக்கு வந்தா என்னன்னு சொல்லுவா, அழுதா யாரக் கேப்பா' என்று அவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். கேமரா இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். 'இல்லீங்க. எப்ப வேணா வந்து கதவத் தட்டுங்க, சொல்லிட்டு வர வேணாம்' என்றார். ஒரு டீச்சருக்கு ஆறு பிள்ளைகள்தான். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, திங்கட்கிழமை சேர்க்கிறோம். ஆனால் உன் மகள் உள்ளே போனதும் பொம்மையைப் பார்க்கவில்லை, கூரையின் நாலு மூலையையும் பார்த்துவிட்டு, 'அம்மா எங்க?' என்றாள்.

பகலில் அவளைப் பார்க்க உனக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான், அதையும் அப்பா மூடச் சொல்கிறேன். எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டிக்கொள், ஆனால் திங்கட்கிழமைக்குள் உன் குரலில் ஒரு பதிவு அனுப்பு. அம்மா அந்தப் பெட்டிக்குள் இல்லை, நீ பேசினது எதுவும் எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் இருப்பேனா, கோபமே இல்லை, சாயங்காலம் போனில்தான் வருவேன் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். ஆப்பை அழித்துவிடு, சித்தி, பெரியப்பா எல்லாரிடமும் சொல், அந்த ஸ்க்ரீன்ஷாட்களை யாரும் இனிமேல் எங்கும் போட வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நூறு வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும், சீக்கிரம் அவளை உங்களோடு வைத்துக்கொள்ளும் நாளும் வர வேண்டும், இது எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதம். பதிவு அனுப்பும்போது அழாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒருவேளை அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஆப்பைத் திறக்கத் தோன்றினால் திறந்து பார், படம் இப்போது நன்றாகத் தெரிகிறது, அங்கே யாரும் நிற்கவில்லை.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அப்பா