நண்டு கடிக்காமல் இருக்க ஒரு மந்திரம்

நவம்பர் 12, புதன்

கவிதை திறந்திருந்ததை மறந்து செல்போனை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

தெலுங்கு எனக்குப் பேச வரும், எழுத வராது. படித்தது தமிழ்ப் பள்ளி. அதனால் தெலுங்குக் கவிதையைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். இது ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்த அம்மாவைப் பற்றியது. எங்கள் ஊர் தோணிரேவில் யாருக்கும் தெலுங்கு புரியாது. ஆந்திரப் பக்கம் புரியும், ஆனால் இந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது.

மகள் தடுமாறாமல் சத்தமாகவே படித்தாள். "அம்ம நீள்ளலோ உந்தி..."

மீன் கழுவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது, மந்திரமா?"

"ஆமா, நண்டு கடிக்காம இருக்கறதுக்கு."

சிரித்துவிட்டு வீடியோ பார்க்கப் போய்விட்டாள். அம்மா தண்ணீரில் இருக்கிறாள் என்று அந்த ஒரு வரிக்காவது அர்த்தம் சொல்லியிருக்கலாம். என்மேலேயே எரிச்சலாக வருகிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் தமிழ்தான். அம்மா செத்த பிறகு என் காதில் யாரும் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொன்னவளுக்கு, சொன்னது என்னவென்றே தெரியாது.

இப்போது இன்னொன்று எழுதி, செல்போனில் அப்படியே திறந்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமானது.