நெல் அறை

வட்டக்கச்சி,
வைகாசி 12.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்புக்கு எப்படி என்று கேட்டுத் தொடங்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்கும் யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன். போன் எடுத்தால் உங்கள் மகள் கௌசலா, "அம்மா படுத்திட்டா மாமா" என்கிறாள். காலை ஒன்பது மணிக்குமா? அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சிறுபோகம் விதைத்தாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் பரவாயில்லை. உங்கள் மச்சாள் சிவனேஸ்வரி என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அதைப் பார்த்து, "சாப்பிடுங்கோ" என்கிறாள்.

அறையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நீங்கள் ஆறுதலாகப் படுக்க வேண்டும் என்றுதான் வீட்டோடு சேர்த்து அதை இழுத்துக் கட்டினேன். ஆனால் கட்டடப் படம் கீறும் பரமேஸ்வரன், "அண்ணை, ஆள் இருக்கிற அறையெண்டால் அனுமதி எடுக்கவேணும், பிரதேச சபைக்குக் கட்டுற சோலைவரியும் கூடும். நெல்லு வைக்கிற அறையெண்டு எழுதுங்கோ, ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்றான். கெட்டித்தனம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மதிப்பீட்டுக்குச் சபையிலிருந்து வந்தவர், உங்கள் கட்டிலையும் கொடியில் கிடந்த சேலையையும் பார்த்து, "இதில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். "வேலைக்கு நிக்கிற மனிசி, பகலில கொஞ்சம் கட்டில்ல சரியிறவா" என்றேன். குசினியில் நீங்கள் நிற்பது தெரிந்துதான் சொன்னேன். தெரியாது என்று எழுதி இன்னொரு பாவத்தைத் தேட மாட்டேன்.

நீங்கள் ஏசியிருக்கலாம். தேத்தண்ணியோடு வந்து, அவருக்கு முன்னால், "ஐயா, உங்களுக்கும் ஊத்தட்டோ?" என்று என்னைக் கேட்டீர்களே அக்கா! தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்த நாளிலிருந்து தம்பி என்று கூப்பிட்ட வாய். என் பொய்யைக் காப்பாற்றிவிட்டு, அடுத்த நாள் காலை மகளிடம் ஓமந்தைக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

நேற்றுச் சபைக்குப் போய், அது நெல் அறை இல்லை, என் அக்கா இருக்கிற அறை என்று படிவத்தை மாற்றித் தரச் சொன்னேன். அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். "அண்டைக்குத் தேத்தண்ணி தந்த அம்மாவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வரி கூடுமாம், அனுமதியில்லாமல் கட்டியதற்குத் தண்டமும் வருமாம். வரட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவர் திரும்ப அளக்க வருகிறார். அதற்கு முதல் வந்துவிடுங்கள். "இவா என்ர அக்கா" என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் யாரைக் காட்டிச் சொல்வேன்?

உங்கள் தம்பி,
ஐயாத்துரை