கோட்டு உறைக்குள் ஒரு செம்பருத்தி

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே நானும் இஸ்திரிப் பெட்டியும் சூடு குறையாமல் நலம். அங்கே நீயும் மகளும் நம் பேரப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே புகுந்து திட்டுவாய். கடிதம் என்றால் முழுதாகப் படித்த பிறகுதானே திட்ட முடியும்? அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வாசலில் வைத்த செம்பருத்தியை நேற்று வெட்டிவிட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கார் வாங்கியிருக்கிறார். கேட்டை அகலப்படுத்தியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். செடியைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம் என்றால் வேர் கேட் தூணுக்கு அடியில் ஓடியிருந்தது. ஆனால் கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கி, முன்பே சில கிளைகளை வெட்டித் தொட்டியில் ஊன்றியிருந்தேன். பதறாமல் மேலே படி.

நாள் முழுக்கத் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற கை சும்மா இருக்குமா? போகும்போதும் வரும்போதும் ஊற்றினேன். குச்சிகள் அடியில் கறுத்து அழுகிவிட்டன. நர்சரிக்கார அம்மாவிடம் போய் நின்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேரே இல்லாத குச்சி எதால குடிக்கும்? மண்ணுல லேசா ஈரம் இருந்தா போதும். சுத்தி இருக்கற காத்துதான் ஈரமா இருக்கணும், இல்லன்னா இலை வாடிடும். மூடி வைங்க" என்றார்.

லேசான ஈரம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது என்றார். அட, நாம் இஸ்திரி போடுகிற பதம்! இது தெரியாமலா இத்தனை குச்சிகளைக் கொன்றேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடி வெட்டி ஊன்றினேன். இரண்டு ஹேங்கர்களை வளைத்துத் தொட்டியில் குத்தி, கோட்டுக்கு மாட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையை மேலே போர்த்தி, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்தேன். இருந்த கடைசி உறை அது. வக்கீல் தன் கோட்டை வெறுமனே வாங்கிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். உறைக்குள் முத்து முத்தாக நீர் கோத்து நின்றதைப் பார்த்தால் நீயே என்னைப் பாராட்டியிருப்பாய்.

அதோடு விட்டேனா? வேர் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசியாகப் பிடுங்கியதில் நூல் மாதிரி வெள்ளை வேர். அது என் விரலிலேயே அறுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்சரி அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார். புதுத் துளிர் வந்த பிறகு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டுமாம். வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டால் வேர் விட்டதாக அர்த்தமாம்.

நான் பிடுங்காமல் விட்டது ஒன்றே ஒன்று. இனி வெட்டி வைக்கத் தாய்ச்செடியும் இல்லை. இன்று காலை அந்த ஒன்றில் துளிர் வந்திருக்கிறது.

மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறாள் என்றாயே, தாராளமாக இரு. சாப்பாட்டைச் சமாளிக்கிறேன். பேச்சுத் துணைக்குத் தொட்டி இருக்கிறது. குழந்தைக்கு என் முத்தம். மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும். அந்தக் குச்சியை இழுத்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. நீதான் வந்து இழுத்துப் பார்க்க வேண்டும். இரு என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன். சீக்கிரம் வந்துவிடு.

உறையைத் திறக்காமல் காத்திருக்கும்,
உன் கணவன்