இடதுகைக்காரர்களின் துறைமுகம்

அன்புள்ள என் வீட்டம்மாவுக்கு எழுதிக்கொள்வது.

குழம்பாமல் எழுத முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. என் நலம்.
2. கலங்கரை விளக்கம் பற்றி நீ எழுதியது பிசகு.
3. ஆகவே, மகளோடு போய் ஒரு மருத்துவரைப் பார்க்கவும்.

நான் நலம். உப்புப் போட்டேனா என்ற சந்தேகத்தில் இரண்டு தரம் போட்டுவிடுகிறேன். மற்றபடி குறையில்லை. பேத்திக்குப் பல் முளைத்ததா?

கப்பல் மகள் ஊர்த் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கலங்கரை விளக்கம் வலக்கைப் பக்கம் வந்ததாக எழுதியிருந்தாய். நம் கூடத்தில் மாட்டியிருக்கும் அதே துறைமுகத்தின் பழைய அச்சுப்படமும் கடலிலிருந்து பார்த்து வரைந்ததுதான். அதில் விளக்கம் இடப்பக்கம் நிற்கிறது. அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட துறைமுகப் படங்களுக்கு அட்டவணை எழுதியே தலை நரைத்தவன் நான். ஆனாலும் என்மேல்தான் சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடப்பக்கமேதான். உன் அக்காவுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் இடம் வலம் மறந்தார், பிறகு நம் முகங்களை.

மூன்றாவதை விவரித்து எழுதக் கை வரவில்லை. படத்தைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தேன். “எப்பப் பாரு, அந்த ஊரோடதான் உங்களுக்குக் குடித்தனம்” என்பாயே, அதேதான். கரையோரம் எறும்பளவு மனிதர்கள். வலை தைப்பவன் இடக்கையில் ஊசி பிடித்திருக்கிறான். சுங்கக்காரர் இடக்கையால் எழுதுகிறார். படகோட்டி இடக்கையால் கயிறு வீசுகிறான். ஊர் முழுக்கவா இடதுகைக்காரர்கள்?

செதுக்கியவர் கண்டதைக் கண்டபடியே செப்புத் தகட்டில் செதுக்கிவிட்டார். தாளில் ஒற்றியதும் ஊர் இடம் வலம் மாறிவிட்டது. தலைப்பு எழுத்துகளை மட்டும் கவனமாகத் திருப்பிச் செதுக்கியிருக்கிறார். அவை நேராக இருந்ததால் ஊரும் நேர் என்று நம்பிவிட்டேன்.

சட்டத்திலிருந்து தாளை எடுத்து, அதன் முதுகை என் பக்கம் திருப்பி, காலை வெயிலில் பிடித்தேன். பனிக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் ஊர் மெல்ல வந்தது. கலங்கரை விளக்கம் வலப்பக்கம். மகள் வீட்டுக்கு நீ எழுதிய வழியில் விரலை நடக்கவிட்டேன்: படித்துறை, மீன் ஏலக்கூடம், கயிற்றுக்கடைத் தெரு, மேட்டு வளைவு. விரல் ஒரு சின்ன ஜன்னலில் நின்றது. எடுக்க மனம் வரவில்லை. உள்ளே நீ இருந்தாய்.

தண்ணீரைக் கண்டால் எனக்குள்ள பயம் உனக்குத் தெரியும். அதனால்தானே உன்னைத் தனியாக அனுப்பினேன். இப்போது அடுத்த கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். கரையில் வந்து நில். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்.

மேலே உள்ள வரிசையில் இரண்டாவது தவறு. மூன்றாவது அதோடு போயிற்று. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீ படித்துச் சிரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடம் வலம் தெரியாத
உன் வீட்டுக்காரன்