நூற்றி முப்பது நாளும் சீகிரி மலையும்

1963 ஏப்ரல் 2, செவ்வாய்

இருபத்தி நாலாவது நாள்.

இந்தக் கொப்பி மகள் றமீஸாவுக்கு வாங்கினது. அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போறப்போ எழுதட்டும் என்று. மதினி அதை எடுத்துத் தந்து, ஒரு நாளைக்கு ஒரு கோடு போடு, எண்ணிக்கை பிசகக் கூடாது என்று சொன்னாங்க. கோடு போட்டேன். மிச்சப் பக்கம் எல்லாம் சும்மா கிடக்குது. அஞ்சாம் வகுப்போட நின்ற எனக்கு எழுத என்ன இருக்கு? ஆனா இந்த அறைக்குள்ள பேச ஆள் இல்ல.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு நாலு மாசம் பத்து நாள் இத்தா. வெள்ளைச் சீலை. வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆம்பளைங்க முகத்தில முழிக்கக் கூடாது. கண்ணாடியைக் கூட சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிட்டாங்க. மச்சான் மவுத்தான மூணாம் நாள் பள்ளிவாசல் லெப்பையோட பொஞ்சாதி வந்து என் காதுக்குள்ள கேட்டாங்க, "வயித்தில ஒண்ணும் இல்லையே மகள்? இருந்தா நாள் கணக்கு இல்ல. புள்ள பெறுற வரைக்கும் இத்தா இரிக்கணும்." இல்லைன்னு சொன்னேன். றமீஸா பிறந்து ஆறு வருஷம். எத்தனை நேர்ச்சை, எத்தனை நூல் கட்டினோம். ஒண்ணும் தங்கல்ல. இப்போ எங்க இருந்து வரும்?

மர்சூக். அவர் இருந்த காலத்தில இந்தப் பேரை ஒரு நாளும் வாயால சொன்னதில்ல, மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எழுதிப் பார்த்தேன். மூணு தரம் எழுதினேன்.

ஏப்ரல் 5

முற்றத்தில கராம்பு காயப் போட்டிருக்காங்க. அந்த வாசம் ஏறினதும் வாந்தி. கல்யாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து பழகின வாசம்தானே. கவலை குடலைப் பிடிச்சிருச்சு என்று மதினி சொல்றாங்க.

ஏப்ரல் 9

கொஞ்சம் தீட்டுப் பட்டுச்சு. அரை நாள்தான். மதினிக்கிட்ட சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், இருந்த சந்தேகமும் தீர்ந்துச்சு என்றாங்க. நான் அழுதேன். எதுக்கு அழுதேன்?

ஏப்ரல் 20

றமீஸா இன்றைக்கும் கேட்டாள். மச்சான் தம்புள்ளப் பக்கம் மரக்கறி ஏத்த லொறி கொண்டு போற நேரம் தூரத்தில சீகிரி மலை தெரியுமாம். சிங்கத்தோட கால் இரிக்குது, மேல ராசா குளிக்கிற குளம் இரிக்குது என்று சொல்லிச் சொல்லியே புள்ளையைத் தூங்க வைப்பார். நோன்புப் பெருநாள் முடியட்டும், உன்னைத் தோள்ல வெச்சுக் கொண்டு போறேன் என்றார். பெருநாள் முடிஞ்சு நாலாம் நாள் காய்ச்சல். பத்து நாள் கூட இருக்கல்ல.

"வாப்பா சொன்னாச் சொன்னதுதானே உம்மா? அப்போ யாரு என்னைக் கொண்டு போற?"

பார்ப்போம் என்றேன்.

மே 4

ஹஜ்ஜுப் பெருநாள். ஒரு வெள்ளையைக் கழற்றி இன்னொரு வெள்ளையைக் கட்டினேன்.

மே 19

இத்ரூஸ் நானா நாவுலையில இருந்து வந்தார். எனக்கு என்று இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. இத்தாவுக்குள்ள கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அதனால கல்யாணம் என்ற சொல்லை மட்டும் விட்டுட்டு மற்ற எல்லாம் சொன்னார். யட்டவத்தையில ஒருத்தர் கடை வெச்சிருக்காராம். பொஞ்சாதி போய் ரெண்டு வருஷமாம். நல்ல பழக்கமாம். இருபத்தாறு எல்லாம் ஒரு வயசா தங்கச்சி என்றார். இத்தா முடிஞ்ச கையோட நாவுலைக்குக் கூட்டிக்கொண்டு போறாராம்.

புள்ள? நான் கேட்கல்ல. மதினிதான் சொன்னாங்க. "புள்ள இங்க இரிக்கட்டும். என்ட தம்பிட ரத்தம். இந்த வீட்டில எனக்கும் வேற யாரு?" ஸைனம்பு மதினிக்குப் பிள்ளை இல்ல, மாப்பிள்ளையும் போய்ட்டார். மச்சானை வளர்த்ததே அவங்கதான். நானா தலையை ஆட்டினார். ரெண்டு பேரும் பூசணிக்காய்க்குப் பங்கு பேசுற மாதிரிப் பேசினாங்க, சத்தம் கூடப் போடல்ல. நான் பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மதினி கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தா சண்டை பிடிக்கலாம். என் தலைக்கு எண்ணெய் வெச்சு வாரி விடுறது அவங்கதான்.

ஜூன் 17

நூறாவது கோடு. இத்தா முடியட்டும் என்றும் இருக்கு. முடியக் கூடாது என்றும் இருக்கு. முடிஞ்சா றமீஸா இல்ல.

ஜூன் 28

பால் கொண்டு வார காத்தாயி பின் கதவால எட்டிப் பார்த்து, என்னாங்கம்மா ஊதிப் போயிருக்கீங்க, காலைக் காட்டுங்க என்றாள். வெயில் படாம உட்கார்ந்தா ஊதும்தானே, உனக்கு மாடும் மனுஷரும் ஒண்ணா என்று மதினி விரட்டினாங்க. அவள் சிரிச்சுக்கொண்டே போனாள்.

வயித்துக்குள்ள மீன் ஓடுற மாதிரி ஒண்ணு. வாயுவா இருக்கும். ஓமத் தண்ணி குடிச்சேன்.

ஜூலை 17, புதன்

நூற்றி முப்பது. குளிப்பாட்டி விட்டாங்க. ஓதினாங்க, வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டாங்க. நீலச் சீலை கட்டினேன். கண்ணாடியைத் திருப்பினதும் முகத்தை மட்டும் பார்த்தேன், அதுவே போதும் என்று ஆச்சு.

எல்லாரும் போன பிறகு மதினி சொன்னாங்க, சீகிரிக்கு ஒரு தரம் போய்ட்டு வா ஹமீமா, மவுத்தானவன் கொடுத்த வாக்கு நிற்கக் கூடாது. சனிக்கிழமை நானா வருவார். மூணு பேரும் போறது. திரும்பி வாரப்போ நான் நாவுலையில இறங்கணும். நானா றமீஸாவை இங்க மாத்தளைக்குக் கொண்டு வந்து விடுவார்.

பஸ்ஸில இருந்து இறங்குறப்போ புள்ளைக்கிட்ட என்ன சொல்ற? ரெண்டு நாளா அதைத்தான் யோசிச்சு... ரெண்டு நாள் எங்க, இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நாளே குழம்பிப் போச்சு.

ஜூலை 19

என் பெட்டியைக் கட்டியாச்சு. றமீஸாட சட்டை ஒண்ணைத் தெரியாம உள்ள வெச்சிட்டேன். மதினி எடுத்து வெளிய வெச்சாங்க.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்கா எழுதணும்.

முதல் பஸ். நாவுலையில நிற்கிறப்போ நானா என் பெட்டியை ஒரு கடையில இறக்கி வெச்சார். பெட்டி ஏன் போகுது என்று றமீஸா கேட்டாள். பாரம் என்று சொன்னார். இனாமலுவையில இறங்கி மாட்டு வண்டி ஒண்ணுல ஏறிப் போனோம். காட்டுக்கு மேல அந்த மலை தனியா நிற்குது, யாரோ கொண்டு வந்து வெச்சிட்டு மறந்து போன மாதிரி. மச்சான் சொன்னப்போ நான் நம்பல்ல. றமீஸா என் விரலைப் பிடிச்சிருந்த பிடி இறுகிச்சு.

படி, படி, படி. எனக்கு மூச்சு வாங்குது. றமீஸா ஆடு மாதிரி முன்னால ஓடுறாள். பாதி வழியில இரும்புச் சுருள் ஏணி. மேல சுவரில பொம்பளைப் படங்கள், இடுப்புக்கு மேல துணி இல்ல. நானா கண்ணை மூடிக்கொண்டு அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிச் சொல்லி ஏணிக் கம்பியைத் தடவுறார். "மாமா, கண்ண மூடினா விழுவீங்க," என்றாள் றமீஸா. பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு மாலை வாங்கினவங்க ஒரு சட்டை வாங்கல்லையே உம்மா?" நான் சிரிச்சிட்டேன். மச்சான் போன பிறகு முதல் தரம் சிரிச்சது. உடனே பயம் வந்துச்சு.

சிங்கத்தோட கால் கிட்ட உட்கார்ந்தோம். நகம் மட்டும் என்ட இடுப்பு உயரம். ஒரு சிங்கள மாஸ்டர் தன்னோட புள்ளைகளுக்கு அந்த ராசா கதையைச் சொல்லிக்கொண்டு இருந்தார். தகப்பனைக் கொன்னுட்டுப் பயத்தில இந்த மலை உச்சியில கோட்டை கட்டினானாம். றமீஸாவுக்குச் சிங்களம் நல்லா விளங்கும். ரோட்டுப் புள்ளைகளோட விளையாடுறவள்.

பிறகு கேட்டாள், "எங்கட வாப்பாவ யாரு?"

யாருமில்ல மகள், காய்ச்சல் என்றேன்.

"காய்ச்சல யாரு அனுப்பின?"

நானா எழும்பி, வா புள்ள, குளத்தைப் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போனார். கடைசிப் படிகள் கல்லில ஒட்டின ஏணி மாதிரி. கீழ பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன்.

உச்சியில வெறும் அத்திவாரம்தான். கல்லை வெட்டின குளத்தில தண்ணி நிற்குது. காற்று ஆளைத் தூக்குது. நான் கால் நீட்டி உட்கார்ந்தேன், றமீஸா என் மடியில தலையை வெச்சுப் படுத்தாள். இன்றைக்குப் பின்னேரம் இந்தத் தலை என்னிடம் இருக்காது என்று நினைச்சுக்கொண்டு மயிரைத் தடவினேன். மாமிக்கு உதவியா இருக்கணும், அழக் கூடாது, உம்மா அடிக்கடி வருவேன். இப்படி ஒவ்வொண்ணா மனசுக்குள்ள அடுக்கிக்கொண்டு இருந்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

"உம்மா, உங்கட வயிறு என்னைத் தட்டுது."

பசி மகள் என்றேன்.

"இல்ல. திரும்பவும். உள்ளுக்கு யாரோ இரிக்கிறாங்க."

நான் கையை வெச்சேன். தட்டுச்சு. வாயு தட்டாது. வாயு இப்படி ஒரே இடத்தில, பதில் சொல்ற மாதிரித் தட்டாது. றமீஸாவைச் சுமந்தவள் நான், எனக்குத் தெரியாதா? பிறகு ஏன் தெரியல்ல?

நீலச் சீலையோட, ஊர் பார்க்க, மலை உச்சியில — இத்தாவுக்குள்ள.

நானா குளத்துக்குப் பக்கத்தில கல்லு எறிஞ்சுகொண்டு நின்றார். போய்ச் சொன்னேன். நாங்க நாள் எண்ணினது பிழை நானா. அவர் விரல் மடிச்சுத் திரும்பவும் எண்ணத் தொடங்கினார். நூற்றி முப்பது சரிதானே தங்கச்சி என்றார். நாள் கணக்கே இல்ல, புள்ள பெறுற வரைக்கும் என்றேன். பிறகு கல்லு மேல உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"யாருக்கும் தெரியாதுதானே," என்றார். "நாவுலைக்குப் போவோம். பிறகு யோசிப்போம். திங்கட்கிழமை யட்டவத்தைக்காரங்க வாராங்க."

எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. சந்தோஷமா, கேவலமா, பயமா? மச்சான் தந்திட்டுப் போனதை நான் ஓமத் தண்ணி ஊத்தி அடக்கினேனே. இறங்குறப்போ ஒவ்வொரு படிக்கும் ஒரு யோசனை மாறிச்சு.

நாவுலையில பஸ் நின்றப்போ நானா எழும்பி மிதிபலகைக்குப் போய்ட்டார். றமீஸா என் மடியில தூக்கம். நான் எழும்பல்ல. இறங்குறீங்களா இல்லையா என்று கொண்டக்டர் சிங்களத்தில சத்தம் போட்டார். நானா என்னைப் பார்த்தார்.

"என்னை மாத்தளைக்குக் கொண்டு போங்க," என்றேன். அவருக்கு எதிரா நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

பெட்டியை விட்டுட்டு வந்து பக்கத்தில உட்கார்ந்தார்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்ற நேரம் வீட்டுக்கு வந்தோம். என்னைக் கண்டதும் மதினிட முகம் மாறிச்சு. புள்ளையை விட மனசில்லாம வந்திட்டேன் என்று நினைச்சிருப்பாங்க. அதுவும் பொய் இல்லையே. சொன்னேன். அவங்க நம்பல்ல. "இந்த வீட்டில இரிக்கிறதுக்குச் சொல்றியா?" என்று கேட்டாங்க. அவங்க கையை எடுத்து என் வயித்தில வெச்சேன். ஒண்ணும் அசையல்ல. நான் பொய்க்காரி ஆகிட்டேன் என்று நினைச்சேன். அவங்க கையை எடுக்கல்ல. தொழுகை நேரம் போகுது, எடுக்கல்ல.

பிறகு அசைஞ்சுச்சு.

"பாவி," என்றாங்க. "இதை வெச்சுக்கொண்டா மலையேறினே." அப்படியே சுவரில சாய்ஞ்சு தம்பீ, தம்பீ என்று அழுதாங்க. அழுது முடிச்சு அவங்களே வெள்ளைச் சீலையை எடுத்துத் தந்தாங்க.

ஆகஸ்ட் 3

லெப்பை சொல்லி அனுப்பினார், தெரியாம நடந்ததுக்குக் குற்றம் இல்லையாம். ஊர்ப் பொம்பளைங்களுக்கு அது போதல்ல. மலையேறின இத்தாக்காரி என்று எனக்குப் பேர் வெச்சிருக்காங்களாம்.

தெரியாமத்தான் நடந்துச்சா? கராம்பு வாசம், காத்தாயி கேட்டது, மீன் ஓடினது. மூணும் எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எல்லாம் ஒண்ணாச் சேர்க்காம விட்டது யாரு? அந்த ஒரு நாள் மலைக்குப் போய் வரணும் என்ற ஆசையிலயா? மச்சான் தந்திட்டுப் போனதை மறந்திட்டேனா? கேட்க ஆள் இல்ல.

ஆகஸ்ட் 25

புள்ள கிடைச்ச பிறகு றமீஸா யாரோட? மதினி சொல்லல்ல. நானும் கேட்கல்ல. கேட்டா பதில் வந்திடும்.

அக்டோபர் 11

யட்டவத்தைக்காரர் வேற இடத்தில முடிச்சிட்டாராம். நானா என் பெட்டியைக் கொண்டு வந்து வாசல்ல வெச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

நவம்பர் 22, வெள்ளி

ஆம்பளைப் புள்ள. ஜும்ஆ தொழுகை நேரம். என் இத்தா முடிஞ்சுச்சு.

டிசம்பர் 6

மதினி அவனைக் கீழ வைக்கிறதே இல்ல. நெற்றி மச்சான் மாதிரியாம். எனக்கு அப்படித் தெரியல்ல. தெரியணும் என்று பார்த்துப் பார்த்துக் கண் வலிக்குது. றமீஸா வந்து, "மலையில இருந்தது இவன்தானா? இவ்வளவு அழுவான்னு அப்பவே சொல்லல்லையே," என்றாள்.

1964 ஜனவரி 8, புதன்

நாற்பது முடிஞ்சு முதல் தரம் வாசலைத் தாண்டினேன். றமீஸாவை ஸ்கூல்ல சேர்க்க. மதினியும் வந்தாங்க, மகன் அவங்க தோள்ல.

மாஸ்டர் பேரு, பிறந்த திகதி எல்லாம் எழுதிட்டு, தகப்பன் இல்லைதானே, பாதுகாவலர் யாரு என்று கேட்டார். வயசுக்கு மூத்தவங்க என்று தாளை மதினி பக்கம் தள்ளினார். ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

"எனக்கிட்ட ஏன் நீட்டுறீங்க?" என்றாங்க மதினி. "தாய் இரிக்கிறாளே."

மாஸ்டர் தாளை என் பக்கம் திருப்பினார். வீடு எங்க என்று கேட்டார். அதுக்கும் மதினிதான் சொன்னாங்க. கொங்காவெல, என்ட வீடு, நாங்க நாலு பேரு.

கையெழுத்து வெச்சேன். மதினி சொன்னது காதுக்குள்ளேயே நின்னுச்சு, கோடு கண்ணுக்குத் தெரியல்ல. பேர் கோட்டுக்கு வெளிய போய்ட்டுது. வேற தாள் தாங்க, ஒழுங்கா எழுதுறேன் என்றேன்.

இது போதும் என்று சொல்லி மாஸ்டர் மற்றத் தாள்களோட வெச்சார்.