ரத்னம்மாவின் மாற்றுச் சேலை

செவ்வாய்க்கிழமை.

காலையிலேயே எங்கள் பெண்கள் காப்பகத்து மோட்டார் ரிப்பேர். லாரித் தண்ணீருக்காக நான் போனில் கத்திக்கொண்டிருந்தபோது ரத்னம்மாவின் மகன் பாகலூரிலிருந்து வந்து நின்றான். "அம்மாவ கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்" என்றான்.

சொந்தக்காரர் யார் வந்தாலும், கதவைச் சாத்திவிட்டு, போக விருப்பமா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். புது ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். இன்று போனைக் காதில் வைத்தபடி, அவன் எதிரிலேயே கேட்டேன்: "போறீங்களாக்கா?"

ரத்னம்மா மகனைப் பார்த்தார். தலையாட்டினார். கைநாட்டு வைத்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சாயங்காலம் கட்டில் விரிப்பு மாற்றப் போன ஆயா செல்வி வந்து சொன்னாள்: "மாத்துச் சேலைய தலகாணிக்கு அடியில மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்குதுங்க மேடம். மறந்த மாதிரி தெரியல."

இங்கே இருந்த எட்டு மாதத்தில் அந்தம்மா எதையும் மறந்ததில்லை. வந்த அன்று முழங்கையில் இருந்த காயத்தைப் பற்றிக் கேட்டதற்கு, விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் போன் பண்ணிக் கேட்கலாம். ஆனால் இருப்பது மகனுடைய நம்பர்தான். அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்திலேயே நிற்பான்.