திரும்பி வந்த கட்டு

தியாகதுருகம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மாமாவுக்கு, செல்வி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் சுபஸ்ரீயும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலத்தைப் போனில் கேட்டால் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள், அதனால் இந்த முறை எழுதிக் கேட்கிறேன். மணலூர்பேட்டை ஆகாஷ் மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் புறப்படுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. சமையல் பக்கத்து ஓட்டில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்துச் சமாளிக்கிறேன். சுபஸ்ரீ உங்கள் உயரத்துக்கு வளர்ந்துவிடுவாள் போலிருக்கிறது. போன வருடம் எடுத்த பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. அப்பா வரும்போது நான் யாரென்று அவருக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்கிறாள். வாயாடி, உங்கள் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

கந்தசாமி முதலாளியின் பிளாஸ்டிக் ஷெட்டில் இப்போது வாரத்தில் பாதி நாள்தான் எங்களுக்கு வேலை. கூரை முட்டப் பிளாஸ்டிக் குப்பைக் கட்டுகள் நிற்கின்றன. உள்ளே இடம் போதாமல் வெளியே வேப்பமரத்தடியிலும் அடுக்கிவிட்டார்கள். மழைத்தண்ணீர் தேங்கி ஒரே கொசு. தெருக்காரர்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் இங்குள்ள கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், அதுவும் மூடி, லேபிள் எல்லாம் எடுத்துக் கழுவிக் கொடுத்தால்தான். பால் கவர், மளிகைக் கவர், உள்ளே வெள்ளிக் காகிதம் மினுக்கும் சிப்ஸ் கவர், இதையெல்லாம் சீண்ட நாதியில்லை. ஒருநாள் லாரிக்காரன் ஒரு லோடை ஏற்றிப்போய்க் கல்வராயன் மலைப்பாதைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்திருக்கிறான். மலைக்காரர்கள் வண்டியை மறித்து, இன்னாத்துக்கு எங்க ஓடையில கொட்டறீங்க, உங்க வூட்டாண்ட கொட்டிக்கினு குந்துங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள். நானாக இருந்தால் டயர் காற்றையும் பிடுங்கிவிட்டிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம், வெளிநாட்டில் வாங்குவதை நிறுத்தியதுதானாம். முதலாளி எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மலேசியாவுல கதவ சாத்திட்டாங்கம்மா, இனிமே ஒரு கட்டு கூட எடுக்க மாட்டாங்க, நம்ம சரக்க வாங்கினு இருந்த கம்பெனிய மூடியே மாசக்கணக்காவுது என்றார். அவர் சொன்ன பெயர் உங்கள் கம்பெனிப் பெயர்.

நான் இங்கே பிரித்துக் கட்டுவதை நீங்கள் அங்கே அவிழ்த்து அரைக்கிறீர்கள் என்று ஷெட்டில் எத்தனை கேலி செய்திருப்பார்கள். ஒரே குப்பையில ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறீங்க என்று கூட வேலை செய்யும் தேவிப்ரியா சிரிக்காத நாள் இல்லை. எனக்கு அது கேலியாகவே படாது. கை அழுக்கை உங்களுக்கும் எனக்கும் பொதுவாக நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆசையில்தான் ஆடி மாதம், நீங்கள் விட்டுப்போன பச்சைக் கட்டம் போட்ட லுங்கியில் ஓரம் கிழித்து, ஒரு கட்டின் கம்பியில் முடிந்துவிட்டேன். கரும்பு வெட்டப் போகும்போது நீங்கள் கட்டுக்குப் போடும் முடிச்சு, எனக்கும் சொல்லிக்கொடுத்தீர்களே, அதே முடிச்சு. கடல் தாண்டிப் போகும் ஆயிரம் கட்டில் அது உங்கள் கைக்கு வருமா என்று உங்களிடமே போனில் கேட்டேன். புரட்டாசியில் நீங்கள் சொன்னீர்கள். வந்துச்சு செல்வி, நாந்தான் அவுத்தேன், நம்ம வூட்டு வாசனை அடிச்சுது, யாருக்கும் தெரியாம பாக்கெட்ல வச்சுக்கினேன் என்றீர்கள். அன்றைக்கு நான் அழுதது சந்தோஷத்தில்தான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு கூட ருசித்தது.

போன செவ்வாய்க்கிழமை சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரி வந்தது. கப்பலே ஏறாமல் கிடந்த சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கிய கட்டுகளில் ஒன்றில் பச்சைத் துணி இருந்தது. சேறும் துருவும் ஏறி நிறம் மங்கியிருந்தாலும் முடிச்சு இம்மியும் நெகிழவில்லை.

கோபம் வந்தது மாமா. உங்கள் மேல் அல்ல என்று எழுத நினைத்தேன், ஆனால் உங்கள் மேல்தான். பிறகு அந்தத் துணியைத் தொட்டுக்கொண்டு நின்றபோது, வேலையும் போய், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் சந்தோஷப்படட்டும் என்று அந்த வாசனைப் பேச்சை எப்படி யோசித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் கோபம் நிற்கவில்லை. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முன்னெல்லாம் மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுவீர்கள். மெல்லப் பேசுங்களேன் என்று நான் கெஞ்சுவேன். இப்போது மெல்லத்தான் பேசுகிறீர்கள்.

பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில் மாட்டியிருந்தால் ஆகாஷிடம் உண்மையைச் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள், நான் போய் நிற்கிறேன். வெறுங்கையோடு எப்படி வருவது என்ற வெட்கம்தான் தடுக்கிறது என்றால், அதைக் கடலில் போட்டுவிட்டு வாருங்கள். மேஸ்திரி பிச்சைமுத்து ஆலைக் கரும்பு வெட்ட ஆள் சேர்க்கிறார். உன் வூட்டுக்காரனுக்கு ஒரு அருவா எடுத்து வச்சிருக்கிறேன், எப்ப வருவான் என்று வழியில் பார்த்துக் கேட்டார். வந்துக்கினே இருக்காரு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள், நான் ஒரு பொய் சொன்னேன். உங்களுடையதை என்னால் மெய்யாக்க முடியவில்லை. என்னுடையதை நீங்கள் நினைத்தால் மெய்யாக்கலாம்.

மலைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள், கப்பல்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். யாருக்கும் வேண்டாத கவர்கூட ஊர் வந்து சேர்ந்துவிட்டது. என் ஆளை மட்டும் யாரும் திருப்பி அனுப்பவில்லையே என்று இருக்கிறது.

திரும்பி வந்த கட்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி தரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அந்த ஒன்றை மட்டும் பிரிக்கவிடாமல் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். இன்னாம்மா, அதுல தங்கமா இருக்குது என்று கேட்டார். அதை அவிழ்க்கிற ஆள் வந்துதான் அவிழ்க்கணும் என்று சொன்னேன். அவர் அடுத்த கட்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மாரியம்மன் உங்களுக்கு வழித்துணையாக இருப்பாள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள். நான் போட்ட முடிச்சு இறுகிக்கொண்டே போகிறது மாமா, வந்து அவிழ்த்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
செந்தமிழ்ச்செல்வி.